ஓடைக்கரை ஹால்ட், காலை 6.42

பொட்டலம் மடிக்கும் முன் சுகிர்தம் அக்கா தாளைப் படிப்பார். சும்மா கண்ணை ஓட்டுவதில்லை, படிப்பார். பழைய பேப்பர்க் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, தராசுக்குப் பக்கத்தில் வைத்து, உள்ளங்கையால் இரண்டு முறை நீவி விடுவார். நெற்றியில் ஏறிக் கிடக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்குவார். மேல் வரியிலிருந்து அடி வரி வரை உதடு லேசாக அசையும். தாளைத் திருப்பி மறுபக்கமும் அப்படியே. அதன் பிறகுதான் இடது கை கூம்பு சுருட்டும், கட்டைவிரல் முனையை உள்ளே திருகும், வலது கை சீரகத்தைச் சரிக்கும், வாய் நான்கு மடிப்பில் மூடும். மடிக்க ஆகும் நேரம் நான்கு நொடி. படிக்க ஆகும் நேரம் தாளைப் பொறுத்தது.

பள்ளிக்கூட விடைத்தாள் வந்தால் தப்பான கணக்கைப் பென்சிலால் திருத்திய பிறகே மிளகு உள்ளே விழும். எங்கள் வீட்டுக்குக் கடுகு வந்த தாள் ஒன்றில், ஏழாம் வகுப்புப் பிள்ளை யாரோ போட்ட பின்னக் கணக்கு மூன்று வரியில் சரி செய்யப்பட்டிருந்தது.

"யக்கா, நான் சீரகம் வாங்க வந்தேனா, பரீட்ச எயுத வந்தேனா? அடுப்புல ரசம் கொதிக்குது, குடு யக்கா" என்பார் கெங்கம்மா. சுனாமி குடியிருப்பில் இரண்டாவது பிளாக். விடிகாலையில் காசிமேடு போய் மீன் எடுத்து வந்து தெருத் தெருவாக விற்பவர்.

"கொதிக்கட்டும்ளா. இதுல ஒருத்தி விவாகரத்து கேட்டிருக்கா. கடைசித் தாளு எங்க போச்சோ தெரியல."

"அது போன வாரம் எங்க வூட்டுக்கு வெந்தயமா வந்துச்சு. அவளுக்கு கெட்ச்சிருச்சு. நீ சீரகத்தக் குடு."

எர்ணாவூரில் ஓடைக்கரைத் தெரு முடியும் இடத்தில் அந்தக் கடை இருந்தது. ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் சீமைக்கருவேலம் புதர், புதருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். மின்சார ரயில், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டி, நிலக்கரி வண்டி எல்லாம் நிற்காமல் ஓடும். ஒவ்வொன்றுக்கும் கடையின் கண்ணாடி ஜாடிகள் ஒரு விதமாகப் பல்லைக் கடிக்கும்.

சுகிர்தம் அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. நாசரேத் பக்கம் ஒரு சின்ன ஊர். 1993இல் ராசையா அண்ணாச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். பெண் கேட்டுப் போன தரகர் அக்காவின் அப்பாவிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "மாப்பிள்ளைக்கு மெட்ராஸ்ல ஸ்டேஷன்ல கடை." அக்காவின் வீட்டில் எல்லாரும் பிளாட்பாரம், கூட்டம், டீ, வாரப் பத்திரிகை என்று நினைத்துக்கொண்டார்கள். கல்யாணம் முடிந்து இங்கே வந்து இறங்கினால் கடை இருந்தது, ரயில் இருந்தது, ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. புது வீட்டில் புருஷனிடம் அக்கா பேசிய முதல் பேச்சு, "ஸ்டேஷன் எங்க?" அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாராம்.

இதை அக்காவே எல்லாரிடமும் சொல்வார். எந்தச் சண்டையும் அதில்தான் போய் முடியும். எண்ணெய் டின் கவிழ்ந்தாலும், மூட்டை தப்பான இடத்தில் இறங்கினாலும், "ஸ்டேஷன்ல கடைன்னு சொல்லித்தான கெட்டுனிய!" அண்ணாச்சி அப்போதும் பதில் சொல்ல மாட்டார். மூட்டை தூக்குகிற மனுஷன். பேச்சு அவருக்கு மூட்டையைவிடக் கனம்.

போன வருடம் மார்ச் மாதம் வரை அது வெறும் வீட்டுச் சண்டையாகத்தான் இருந்தது.

எங்கள் குடியிருப்பிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு ஆள் நடக்க இடம் கிடையாது. அதனால் எல்லாரும் தண்டவாளத்தை ஒட்டி, ஜல்லிக் கல் மேல் நடந்துதான் போவோம். கெங்கம்மாவும் அப்படித்தான். ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அக்காவின் மகள் ஷிஜியும் அப்படித்தான். ஒருநாள் காலை பின்னால் வந்த சரக்கு வண்டியின் காற்று கெங்கம்மாவைக் கூடையோடு தூக்கி ஜல்லியில் அடித்தது. இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. சத்தம் கேட்டு அக்கா கடையைப் போட்டது போட்டபடி புதருக்குள் பாய்ந்து ஓடினார். கெங்கம்மா விழுந்து கிடந்த இடத்துக்குப் பத்தடி பின்னால் ஷிஜி நின்றுகொண்டிருந்தாள். பை தோளில் இருந்தது.

அன்று சாயங்காலமே அக்கா மனு எழுத உட்கார்ந்தார். ரயில் இங்கே நிற்க வேண்டும். வேறு பேச்சே கிடையாது.

நானூறு கையெழுத்துக்கு மேல் சேர்ந்தது. பிளாக் பிளாக்காக, மாடி மாடியாக அக்கா ஏறி இறங்கினார். கையெழுத்துப் போட்டவர்களே கேலியும் பண்ணினார்கள். "வண்டி நின்னா யாரு கட வாசல்ல நிக்கும்? அண்ணாச்சி கட வாசல்ல! யக்கா ரயில்வேக்கே பொட்டலம் மடிக்கப் போவுது!" அக்காவுக்கு வாய்க்கா பஞ்சம்? ஆனால் இந்தக் கேலி வந்தால் மட்டும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விடுவார்.

ஜூன் மாதம் பதில் வந்தது. மேற்படி இடத்தில் புதிதாக நிறுத்தம் ஏற்படுத்தும் சாத்தியம் தற்போது இல்லை. அவ்வளவுதான். அக்கா அந்தத் தாளையும் இரண்டு முறை நீவி, இரண்டு பக்கமும் படித்தார். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது.

அது வந்து எட்டாவது நாள், காலை பதினோரு மணி. கடையில் நான் மூன்றாவது ஆளாக நின்றேன். கெங்கம்மா மிளகு கேட்டிருந்தார். அக்கா ஒரு தாளை உருவினார், நீவினார், படித்தார். உதடு அசைந்துகொண்டே வந்து சட்டென்று நின்றது. மறுபடி மேலே போனார். விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். ஒரு வரியில் விரல் நின்றுவிட்டது.

"திருவொற்றியூரு… இது சரி. எண்ணூரு… இது சரி. நடுவுல பாருளா. ஓடைக்கரை!"

1979ஆம் வருடத்து ரயில் கால அட்டவணையின் ஒற்றைத் தாள். பழுப்பேறி, ஓரம் எலி தின்றது. ஊர்ப் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக. ஓடைக்கரை ஹால்ட், அதாவது சின்ன நிறுத்தம், என்ற பெயருக்கு நேரே காலை 6.42, பகல் 2.18, இரவு 10.20.

"நம்ம தெருவாட்டம் பேரு" என்றார் கெங்கம்மா.

"நம்ம தெருவேதான்ளா! இங்க வண்டி நின்னிருக்கு. ஆறே முக்காலுக்கு மூணு நிமிசம் இருக்கையில நின்னிருக்கு!" அக்கா தாளைத் தூக்கிப் பிடித்து உள்ளே திரும்பினார். "ஏங்க! இங்கன ஸ்டேஷன் இருந்திருக்கு!"

உள்ளே அரிசி அளந்துகொண்டிருந்த அண்ணாச்சியின் படி நின்றது.

"பழைய தாளு. அச்சுப் பிழையா இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு, ஏற்கெனவே கட்டியிருந்த ஒரு மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அக்காவுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. பழைய பேப்பர் கொண்டுவரும் பிராங்கிளினுக்குப் போன் போட்டாயிற்று. "இந்தக் கட்டோட மிச்சம் எங்கடே? எல்லாம் வேணும். ஒரு தாளு வேற எங்கயும் போவக் கூடாது."

கல்மண்டபத்தில் பழைய பேப்பர்க் கடை வைத்திருப்பவர் பிராங்கிளின். ராயபுரத்தில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சங்க அலுவலகத்தைக் காலி செய்தபோது எடுத்த சரக்கு அது. மறுநாள் மினி வேனில் ஏழு கட்டோடு வந்து இறங்கினார்.

"யம்மா, ஊர்ல எல்லாரும் பேப்பர எட போட்டு வாங்குவாங்கோ. நீ ஒர்த்திதான் கத போட்டு வாங்குற" என்று சொல்லிக்கொண்டே கட்டுகளை இறக்கினார்.

இரண்டு நாள் ஓடைக்கரைத் தெருவில் பொட்டலம் கிடையாது. "டப்பா எடுத்துட்டு வாங்க, இல்லன்னா முந்தானையில வாங்கிக்கிடுங்க" என்று அக்கா சொல்லிவிட்டார். ஒவ்வொரு தாளாக எடுத்து இடது பக்கம் வைப்பார். ரயில் என்று ஒரு எழுத்து இருந்தால் வலது பக்கம். வலது பக்கம் மெல்ல உயர்ந்தது. உயர உயர எங்கள் தெரு வேறு தெருவாக மாறிக்கொண்டு வந்தது. மூன்று வண்டி நேரமும் அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் இருந்த ஆலைகளின் மூன்று ஷிஃப்ட்டுக்குச் சரியாக இருந்தது. இறங்குகிறவர்களுக்கு மழையில் ஒதுங்கக் கூரை வேண்டும் என்று சங்கம் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. டிக்கெட் கொடுப்பவர் ஷிஃப்ட்டு முடியும் நேரத்தில் சாப்பிடப் போய்விடுகிறார் என்று ஒரு புகார். அதற்கு அவர் எழுதிய பதிலும் இருந்தது, தனக்கும் வயிறு ஒன்று உண்டு என்று. அக்கா சத்தம் போட்டுப் படித்துக்காட்டினார். கடை வாசலில் ஏழெட்டுப் பேர் டப்பாவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அடுப்பில் எதுவும் கொதிக்கவில்லை போலும்.

இரண்டாம் நாள் பிற்பகல் அந்தத் தாள் வந்தது. தட்டச்சு மங்கிய அறிவிப்பு. பயணிகள் எண்ணிக்கை குறைந்துவிட்ட காரணத்தால் ஓடைக்கரை ஹால்ட்டில் வண்டிகள் நிற்பது 1986 மார்ச் முதல், மறு அறிவிப்பு வரும் வரை, தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது.

அக்கா முதலில் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு கத்தினாரே ஒரு கத்து, எதிர் வீட்டு நாய் எழுந்து நின்றுகொண்டது.

"தற்காலிகமா! மூடல! நிப்பாட்டித்தான் வச்சிருக்கு! மறு அறிவிப்பு இன்னும் வரல!"

"முப்பத்தெட்டு வருசமா தற்காலிகமா?" என்றார் கெங்கம்மா. "எங்க வூட்டு பாத்ரூம் கதவுக்குக் கூட தற்காலிகமாத்தான் சாக்கு மாட்டிகீது."

"சிரிக்காதளா. நாம புதுசா ஸ்டேஷன் கேட்டோம், இல்லைன்னுட்டாவ. இப்போ கேக்கப் போறது புதுசு இல்ல. இருந்ததத் தொறங்கன்னு கேக்கப் போறோம்."

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்திருந்தது. முப்பது வருடமாக ஊரின் வழக்குத் தாள், அரசாங்கத் தாள் எல்லாவற்றையும் கூம்பு சுருட்டும் முன் படித்தவர் அவர்.

மனுவை மறுபடி எழுதினார். ஆனால் தாள் மட்டும் போதாது, கண்ணால் பார்க்க ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஸ்டேஷன் என்றால் இரண்டு முனையிலும் பெயர்ப் பலகை இருந்திருக்கும். அந்தக் காலத்தில் சிமென்டில் வார்த்திருப்பார்கள். எங்கே போயிருக்கும்? எங்கள் பக்கத்தில் ஒரு கல் வீணாகப் போகாது. யாராவது வாசப்படியாகப் போட்டிருப்பார்கள், இல்லை சாக்கடைக்கு மூடியாக. மூன்று நாள் அக்கா தலையைக் குனிந்துகொண்டே தெருவெல்லாம் நடந்தார். கம்மல் தொலைத்துவிட்டார் என்று பாதிப் பேர் கூடவே குனிந்து தேடினார்கள்.

ஜூலை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. இரண்டாவது பிளாக் குழாயடியில் கெங்கம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். துவைக்கிற கல் ஐந்தடி நீளம். ஒரு பாதி வழுவழுப்பு. இன்னொரு பாதி மேடும் பள்ளமுமாகக் கரடு. அந்தக் கரட்டுப் பக்கத்துக்குத்தான் தினமும் சண்டை நடக்கும். ஜீன்ஸ் பேன்ட் அழுக்கு அதில் இரண்டு தேய்ப்பில் போய்விடும்.

அக்கா அந்தக் கரட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து ஈரக் கல்லின் மேல் கையை வைத்துத் தடவினார்.

"எந்திரிளா."

"இன்னாக்கா? பாதில கீறேன். சோப்பு காஞ்சிடும்."

"எந்திரிங்கேன்ல!"

கடைக்கு ஓடிப்போய் ஒரு கோலமாவுப் பாக்கெட்டோடு வந்தார். கல்லின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். ஈரம் மங்கும் வரை எல்லாரையும் நிற்க வைத்தார். மாவைக் கைநிறைய அள்ளித் தூவி, உள்ளங்கையால் ஒரே வீச்சில் வழித்துவிட்டார். மேட்டில் இருந்த மாவு போய்விட்டது. பள்ளத்தில் இருந்தது நின்றுவிட்டது. வெள்ளைக்கு நடுவே சாம்பல் நிறத்தில், ஒரு சாண் உயரத்துக்கு, எழுத்துகள். முதலில் இருந்தது தேய்ந்து போயிருந்தது. பிறகு 'டை'. பிறகு 'க்', 'க', 'ரை'.

குழாயடியில் ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள். மூன்றாவது மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். கெங்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்ய! எத்தினி வருசமா ஸ்டேசன் பேரு மேல என் பாவாடையக் கும்மிகினு கீறேன்!" பிறகு நினைவு வந்தவராக, "மொதல்ல இந்தப் பக்கம் அடில கீதுச்சு யக்கா. முழுசா வயவயன்னு கீற அந்தப் பக்கம்தான் மேல. அழுக்கே போவல. நாங்கதான் ஆறு பேரு சேந்து பெரட்டிப் போட்டோம்."

"ஆரு கொண்டாந்து போட்டா இத?"

"அண்ணாச்சிதான். குடியிருப்புக்கு கொழா வந்தப்போ, பொம்பளைங்க தரைல தொவைக்கிறாங்களேன்னு, ஆள வெச்சு தூக்கியாந்து போட்டாரு. தங்கமான மனுசன்."

அக்காவின் கை மாவு மேல் அப்படியே நின்றது.

"அப்படியா" என்றார். மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கடைப் பக்கம் நடந்தார்.

கல்லின் படத்தோடு மனு போயிற்று. அன்றிலிருந்து அண்ணாச்சி முன்னைவிடப் பேசாமல் ஆனார். ஒருநாள் நான் பருப்புக்கு நிற்கும்போது, பேச வராத அந்த மனுஷன் பேசினார்.

"சுகிர்தம், இது நமக்கு வேண்டாம்ட்டி. விட்டுரு."

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

"சும்மாவுக்கெல்லாம் விட முடியாது. நாளைக்கும் காலையில ஷிஜி அந்த ஜல்லியிலதான் நடக்கணும்."

அண்ணாச்சி உள்ளே போனார்.

ஜூலை இருபதாம் தேதி கடிதம் வந்தது. ஆகஸ்டு எட்டாம் தேதி வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அதிகாரிகள் இடத்தை நேரில் பார்வையிடுவார்கள். தெருவே தீபாவளிக்கு முந்தின நாள் மாதிரி ஆகிவிட்டது.

அன்று விடிந்ததும் அரிவாள், கோடாலி, கடப்பாரை என்று கையில் கிடைத்ததோடு முப்பது பேர் சீமைக்கருவேலத்துக்குள் இறங்கினோம். முள் கிழித்த கையோடு வெட்ட வெட்ட, அடியிலிருந்து கருங்கல் விளிம்பு ஒன்று எழுந்து வந்தது. நேராக, தண்டவாளத்துக்கு இணையாக. பத்தடி, இருபதடி, நாற்பதடி! ஒவ்வொரு கல் தெரியும்போதும் சத்தம். சத்தம் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே வந்து, சுகிர்தம் அக்கா கடையின் பின்சுவரில் முட்டி நின்றது. கல் விளிம்பு நிற்கவில்லை. அது கடைக்கு அடியில் போயிற்று.

எல்லாரும் கடையைப் பார்த்தோம். கடை பிளாட்பாரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

"அதான் புயல் மழைல எங்க வூட்லலாம் இடுப்பளவு தண்ணி, இங்க மட்டும் ஒரு சொட்டு ஏறல!" என்றார் கெங்கம்மா. "எங்க ரேசன் கார்டெல்லாம் இங்கதான குடுத்து வெச்சோம். நாங்க இத்தினி நாளா அந்தோணியாரு காப்பாத்துறாருன்னு நெனச்சிகினு கீறோம்!"

"அவரு காப்பாத்துனதுதான். பிளாட்பாரத்து வழியா காப்பாத்திருக்காரு" என்றார் அக்கா.

பத்தரைக்கு அதிகாரிகள் வந்தார்கள். நான்கு பேர். தலைமையாக வந்தவர் மெஹ்னாஸ் என்ற இளம் பொறியாளர். முள்ளைப் பொருட்படுத்தாமல் விளிம்பு நெடுக நடந்தார். டேப் பிடித்து அளந்தார். அறிவிப்புத் தாளைப் பார்த்தார், குழாயடிக்குப் போய்க் கல்லைப் பார்த்தார்.

"அம்மா, ஹால்ட் இருந்தது சரி. பிரச்சினை எங்கேன்னா, இந்தப் பக்கம் ஆலைங்களுக்குச் சரக்கு ஏத்துற மேடையும் நிறைய இருந்திருக்கு. அதுவும் இப்படித்தான் இருக்கும். நீங்க காட்டுற இந்த மேடைதான் ஜனங்க ஏறி இறங்கின மேடைன்னு நான் எழுதணும்னா, கூட ஒரு அடையாளம் வேணும். டிக்கெட் கொடுத்த இடம் மாதிரி. அப்படி ஏதாவது இருக்கா?"

கூட்டம் தரையைப் பார்த்தது. சுகிர்தம் அக்கா மட்டும் தரையைப் பார்க்கவில்லை. உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற அண்ணாச்சியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டினார். எங்கள் கையிலிருந்த கடப்பாரை ஒன்றை வாங்கிக்கொண்டு கடைக்குள் போனார். பின்சுவர் அலமாரியிலிருந்த சோப்பு, தீப்பெட்டி, சாம்பிராணி எல்லாவற்றையும் இறக்கினார். மரப் பலகையைக் கழற்றிச் சாய்த்தார். வெறும் சுவர். அதை ஒரு நொடி தடவிப் பார்த்துவிட்டு ஓங்கிக் குத்தினார்.

பூச்சு பெயர்ந்து விழுந்தது. இரண்டாவது குத்துக்குச் செங்கல் ஒன்று பின்பக்கமாகப் போய் விழுந்தது. துளை வழியாக வெயில் உள்ளே வந்து மிளகாய் மூட்டை மேல் விழுந்தது. அண்ணாச்சி மிச்சக் கல்லைக் கையாலேயே உருவினார். அரை வட்டமாக ஒரு சின்ன ஜன்னல். அதன் அடியில் சரிவாகப் பதித்த கடப்பைக் கல். அந்தக் கல்லின் நடுவில், ஆயிரமாயிரம் கை வந்து போன இடத்தில், ஒரு பள்ளம்.

"இங்கதாம்மா டிக்கெட் குடுத்தது" என்றார் அண்ணாச்சி.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தான் பூசி மூடுனேன். தொண்ணூத்தி ரெண்டுல. எனக்கு வித்தவன் இது ரயில்வே இடம்னு சொல்லல. தெரிஞ்சப்போ கையில வேற ஒண்ணும் இல்ல. ஸ்டேஷன் இருந்தது வெளிய தெரிஞ்சா கடையத் தூக்கிருவாவன்னு பயம்."

அக்கா வாயைத் திறந்தார்.

"முப்பத்தோரு வருசம்! ஸ்டேஷன் எங்க, ஸ்டேஷன் எங்கன்னு நான் கேக்கேன், கேக்கேன்… ஸ்டேஷனுக்கு உள்ளயே நின்னுக்கிட்டு அரிசி அளந்திருக்கிய! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வாய மூடியிருப்பம்லா?"

"நீயா? மறுநாளே தெரு பூரா சொல்லிருப்ப. அதுக்குத்தான் சொல்லல."

முதலில் சிரித்தது மெஹ்னாஸ்தான். அப்புறம் கடை, வாசல், தெரு எல்லாம் சிரித்தது. கெங்கம்மா சுவரைச் சுற்றிப் பின்பக்கம் ஓடி, ஜன்னல் வழியாகக் கையை உள்ளே நீட்டினார். வளையல் கல்லில் உரசியது.

"அண்ணாச்சி! ராயபுரம் ஒண்ணு குடு!"

அண்ணாச்சி அந்தக் கையில் ஒரு துணி சோப்பை வைத்தார்.

மெஹ்னாஸ் ஜன்னலைப் படம் எடுத்து, அளந்து, குறித்துக்கொண்டு கிளம்பும்போது அக்காவிடம் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தவில்லை. எல்லாருக்கும் கேட்டது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். ஹால்ட் திறந்தா இந்தக் கடை இங்க இருக்க முடியாது. இந்த டிக்கெட் அறைச் சுவரை விட்டுட்டு மீதி எல்லாத்தையும் எடுத்துடுவோம். தெரியும் இல்லையா?"

"எழுதிக்கிடுங்க தாயி. வண்டி நிக்கட்டும்."

கடைக்கு வியாபாரம் ஏறும் என்று கேலி பண்ணிய அத்தனை பேரும் அங்கேதான் நின்றோம். கெங்கம்மா, "யக்கா…" என்று ஆரம்பித்து, சோப்பை மடியில் செருகிக்கொண்டார்.

டிசம்பரில் உத்தரவு வந்தது. காலையில் இரண்டு வண்டி, மாலையில் இரண்டு வண்டி. ஒரு நிமிடம். ஆறு மாதத்துக்குச் சோதனை முறையில். அண்ணாச்சி தன் கையால் கட்டிய சுவர்களைத் தன் கையால் பிரித்தார். தெருவே கூட நின்று கல் தூக்கியது. கடை எதிர் வரிசையில், செங்கொடி என்ற அம்மாவின் கட்டடத்துக்கு மாறியது.

பிப்ரவரியில் முதல் வண்டி நின்ற காலையில் எர்ணாவூரில் யாரும் தூங்கவில்லை என்றே நினைக்கிறேன். பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. பாதிப் பேருக்குப் பயணம் கிடையாது, பார்க்க வந்தவர்கள். தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது. நிற்குமா என்று எல்லாருக்கும் ஒரே பயம். இந்தத் தண்டவாளத்தில் எதுவும் நின்று நாங்கள் பார்த்ததில்லை. சுகிர்தம் அக்கா ஒரு கையால் அண்ணாச்சியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, சக்கரம் கிறீச்சிட்டது. நின்றது.

"நின்னுட்டு" என்றார் அக்கா.

ஷிஜி ஏறினாள். கெங்கம்மா கூடையோடு ஏறி, "தள்ளு, தள்ளு, இது எங்க ஸ்டேசன்" என்று உள்ளே இருந்தவர்களை அதட்டினார். கார்டு பின்னாலிருந்து கை அசைத்தார். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்று பார்த்தேன். நானூறு பேர் கை தட்டி முடிக்கும் அளவுக்கு நீளம்.

சில வாரம் கழித்து வாடகை ரசீது ஒன்றை எழுதித் தரச் சொல்லி செங்கொடியம்மா என்னைக் கூப்பிட்டார். பழைய ரசீதைப் பார்த்து அப்படியே எழுதச் சொன்னார். எதிர் வரிசைக் கடையின் சாவியைச் சுகிர்தம் அக்கா வாங்கிக்கொண்ட தேதி அதில் இருந்தது: ஜூலை ஒன்பது. குழாயடிக் கல்லில் ஊர்ப் பெயர் தெரிந்த அதே செவ்வாய்க்கிழமை. பார்வையிட வருகிறோம் என்ற கடிதம் வருவதற்குப் பதினோரு நாள் முன்பு. அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டாம், ஸ்டேஷனைப் பற்றி அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று அக்கா அன்றைக்கே செங்கொடியம்மாவிடம் கேட்டுக்கொண்டாராம்.